கிள்ளான் சவரியும் என் கொடியும்

முதலில் மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் நாலாவது வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. ஒற்று விட்டுப்போயிருக்கும், சின்ன ‘ர’ வரவேண்டிய இடத்தில் பெரிய ‘ற’ உட்கார்ந்திருக்கும். நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதியபடியே படியுங்கள்.

நான் பொய்க்கொடி தூக்கினேன்.

பந்தாட்டத்தில் கிள்ளான் சவரி போட்ட கோல் நியாயமான கோல். அது செல்லாது என்று கொடி காட்டியவன் நான். பிறகு அவனே என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது, செல்லாதுதான் என்று சொன்னவனும் நான். முதல் பொய்யை என் கை செய்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதை என் வாய் சொன்னது... தெரிந்தே சொன்னது!

எட்டு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி காமாட்சிக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது. என்னையும் உங்களுக்குத் தெரியாது. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அதுதான் வசதி.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் கேட்டுக்காரன். வண்டி வரும்போது கேட்டை இழுத்து மூடி, மாட்டு வண்டிகளையும் ரிக்‌ஷாக்களையும் நிறுத்திவிட்டு, தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று கொடி காட்டுவது என் வேலை. பச்சை காட்டினால் வண்டி போகும். சிவப்பு காட்டினால் நிற்கும். என்ஜின் ஓட்டுகிறவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கொடியை மட்டும்தான் பார்ப்பார். அந்தத் துணி பொய் சொன்னால் மனிதர்கள் சாவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

அதனால்தான் எங்கள் ஊர்ப் பந்தாட்டக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

எங்கள் அணியில் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் ஆடினார்கள். அணித் தலைவன் தங்கராசு, பட்டறையில் இரும்பு வேலை செய்கிறவன். ஆட்டத்தை நடத்தும் ரெஃப்ரி வெளி ஆளாக இருப்பார். கோட்டோரம் கொடி பிடிக்கிற ஆளை மட்டும் அந்தந்த அணியே கொண்டுவர வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். சொந்த அணிக்காகக் கொடியைக் கூசாமல் சாய்க்கிறவர்கள் உண்டு. அதனால் மண்டை உடைந்ததும் உண்டு.

ஒரு நாள் தங்கராசு கேட்டுக்கு வந்தான்.

“அண்ணே, நீங்க பொறந்ததே கொடியோடதான். ஆட்டத்துலயும் வந்து புடிங்க. நீங்க புடிச்சா ஒரு பய வாயத் தெறக்க மாட்டான்.”

“எனக்குக் கூட்டம்னாலே ஒரு மாதிரி தங்கராசு...”

“பேசவா கூப்புடுறேன்? கையத் தூக்கணும், எறக்கணும். அவ்வளவுதான் லா!”

பேச வேண்டாத வேலை. ஒத்துக்கொண்டேன். கேட்டில் நைந்துபோன பழைய சிவப்புக் கொடி ஒன்றை ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டேன். காமாட்சி அதைத் துவைத்து, பிரிந்த ஓரத்தைத் தைத்துக் கொடுத்தாள்.

எதிரணிக்காரர்களும் என்னை ஏற்றுக்கொண்டார்கள். “ரயில்வே கொடியாச்சே, நேராத்தான் நிக்கும்” என்பார்கள். அதைக் கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன்; ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அதுவரை என்னை யாரும் எதற்கும் மெச்சியதில்லை.

இனி சவரியைச் சொல்ல வேண்டும்.

சவரி கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். வேதக்கார வீட்டுப் பிள்ளை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை தொங்கும். ஓடும்போது அது ஆடாமலிருக்க அதைப் பல்லில் கடித்துக்கொள்வான். பூட்ஸ் கிடையாது. வெறுங்கால்... அதிலும் இடது கால்! அந்தக் காலால் அவன் எங்களுக்குச் செய்த கொடுமை கொஞ்சமல்ல. வருஷா வருஷம் மாசி மாதத்தில் கிள்ளானோடு எங்களுக்கு ஒரு கேடய ஆட்டம் நடக்கும். சவரி வந்த பிறகு அந்தக் கேடயம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எங்கள் லயத்தில் அவன் பெயரை யாரும் மரியாதையாகச் சொல்வதில்லை. ‘மூட்டைக்காரன்’ என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

எல்லாவற்றையும்விட எங்களை எரிச்சல்படுத்தியது ஒன்று உண்டு. கோல் போட்டால் மற்றவர்கள் குதிப்பார்கள், கட்டிப்பிடிப்பார்கள். இவன் குதிக்க மாட்டான். நேரே கோலுக்குள் போய் பந்தைத் தானே எடுத்து, அரைக்கால் சட்டையில் மண்ணைத் துடைத்து, எங்கள் கோல்கீப்பர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பான்.

“திமிரப் பாத்தியா? பிச்ச போடுறான் நமக்கு!” என்று தங்கராசு பல்லைக் கடிப்பான். எனக்கும் ரத்தம் கொதிக்கும்.

அப்படிக் கொதித்த நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில்வேக்காரனுக்குக் கிடைக்கும் இலவசப் பாஸை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் கிள்ளானுக்கு வண்டியேறினேன். காமாட்சியிடம் ஒரு சாவுக்குப் போகிறேன் என்றேன்.

ஏன் போனேன்? அவன் ஆட்டத்தில் ஒரு குறை கண்டுபிடித்துத் தங்கராசுவிடம் சொல்லத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்! அவன் கால் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கேட்டில் நிற்கும்போதும், சாப்பிடும்போதும் அந்தக் கால் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. வேறு காரணமே இல்லை.

கிள்ளான் ஆட்டத் திடலான பாடாங்கில், புல்வெளி முடிகிற இடத்தில், தலையில் துண்டைப் போட்டு முக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கிழவர் ஒருவர் கேட்டார்:

“தம்பிக்கு எந்த ஊரு?”

“இங்கதான்... மேரு பக்கம்.”

“நம்மாளுதானா? பாரு பாரு, நம்ம சவரியப் பாரு! இந்தக் கால மட்டும் வெள்ளைக்காரன் பாத்தான்னா அறுத்து கண்ணாடிப் பொட்டில வெச்சிடுவான்!”

நான் சிரித்துவிட்டேன். நம்ம சவரி... அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று அவனோடு ஆடியவர்கள் அவன் கூட்டாளிகள்தான். வெறும் பழக்க ஆட்டம். கேடயமும் இல்லை, கூட்டமும் இல்லை. அங்கேயும் அவன் கோல் போட்ட பிறகு பந்தைத் தானே எடுத்துவந்து, துடைத்து, கோல்கீப்பர் கையில் கொடுத்தான். அதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. அது திமிரும் இல்லை, பிச்சையும் இல்லை. சாமான் கீழே கிடந்தால் எடுத்து உரிய இடத்தில் வைப்பது மூட்டை தூக்குகிறவன் கையின் பழக்கம். அவ்வளவுதான்.

அதைத் தங்கராசுவிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கிள்ளானுக்கு எதற்குப் போனாய் என்று கேட்பானே! ‘மூட்டைக்காரனுக்குத் திமிர்’ என்று அவன் சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டினேன். பாஸ் கிடைத்தபோதெல்லாம் கிள்ளானுக்குப் போனேன். எங்கள் சொந்தக்காரர்களில் பல பேரை நான் அந்த வருஷம் சாகடித்தேன்.

அப்புறம் அந்த மாசி வந்தது. அந்த முறை ஆட்டம் எங்கள் பாடாங்கில்.

ஆட்டத்துக்கு முன்பே ஒரு செய்தி பரவியிருந்தது. கோலாலம்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸின் துரை சவரியின் ஆட்டத்தைப் பார்க்க வருகிறாராம். பந்தாட்டத்துக்காகவே ஆளை எடுத்து வேலை கொடுப்பது அப்போது உண்டு. பெயருக்குப் பியூன் வேலை. ஆபீஸ் அணிக்கு ஆட வேண்டும். நிரந்தரச் சம்பளம், தங்க ஓர் அறை. தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிறவனுக்கு அது எப்பேர்ப்பட்ட காரியம்! கிள்ளான் அணித் தலைவர் அந்தோணி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: “இன்னிக்கு ஒரு கோலு. ஒரே ஒரு கோலு போட்டான்னா பயல துரை கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுவாரு!”

அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் நான் சுண்ணாம்புக் கோட்டின் ஓரமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சவரி வெறுங்காலால் புல்லைத் தேய்த்தபடி எதிரே வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“அண்ணே... உங்கள எனக்குத் தெரியுமே! கிள்ளான் பாடாங்ல கம்பத்துக்குப் பின்னால நிப்பீங்க. துண்டு போட்டுக்கிட்டு.”

நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி எங்கள் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

“நான் இல்லப்பா. வேற யாரோ.”

அவன் என்னையும், நான் பார்த்த திசையில் நின்றவர்களையும் பார்த்தான். புரிந்துகொண்டான். சிரித்தான்.

“சரிண்ணே. நீங்க இல்ல.”

அப்படிச் சொல்லிவிட்டு, சிலுவையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடிவிட்டான். என் ரகசியத்தை வெளியே விடாமல் அவன் எனக்குச் செய்த உதவி அது. அவனுக்கு நான் செய்தது என்ன?

இரு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. பாதி நேரம் நெருங்கிவிட்டது.

ஆஃப்சைடு பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூட்டாளி பந்தை உதைத்து அனுப்புகிற அந்தக் கணத்தில், எதிரணிக் கோல்கீப்பரைத் தவிர இன்னும் ஓர் ஆளாவது நமக்கு முன்னால் இருக்க வேண்டும். எல்லாரையும் தாண்டிப் போய் நின்றுகொண்டு பந்தை வாங்கினால் அது ஆஃப்சைடு. கோல் போட்டாலும் செல்லாது. கோட்டோரம் நிற்கிற கொடிக்காரன் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம் அதுதான்.

நடுத் திடலிலிருந்து அந்தோணி பந்தை உயர அனுப்பினார். அந்தக் கணத்தில் எங்கள் கடைசி ஆள் சவரிக்கு முன்னால் நின்றான். நான் நேர் கோட்டில் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பந்து வானத்தில் இருக்கும்போதே சவரி அந்த ஆளைக் கடந்து ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. பந்து எங்கே வருகிறது என்று அவன் முதுகுக்குத் தெரிந்திருந்தது. தோளுக்கு மேலாக அது இறங்கியது. தரையைத் தொடவிடவில்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே, வலப்பக்க மரங்களில் ஏதோ இருப்பதுபோல் அந்தப் பக்கம் பார்த்தான். எங்கள் கோல்கீப்பரும் அந்தப் பக்கம் பார்த்தான். இடது கால் மட்டும் இந்தப் பக்கம் மெதுவாக, குழந்தையைத் தொட்டிலில் இடுவது போல் பந்தைத் தொட்டது.

பந்து உள்ளே போயிற்று.

ஐயோ... அதை எப்படி எழுதுவது! என் நெஞ்சு பொங்கிவிட்டது. எந்த ஊர், எந்த அணி என்று எதுவும் அந்த நேரத்தில் இல்லை. கோவிலில் திரை விலகும்போது கை தானாகத் தலைக்கு மேலே போகுமே, அப்படி என் கை மேலே போனது.

என் கையில் கொடி இருந்தது.

விசில் ஒலித்தது.

நம்புவீர்களா? அவனைக் கெடுக்க நான் கையைத் தூக்கவில்லை. அவனைக் கும்பிடத்தான் தூக்கினேன்! அது ஒன்றுதான் அந்த நாளில் நான் உண்மையாகச் செய்த காரியம்.

ஆனால் உடனே இறக்கியிருக்கலாமே... நான் இறக்கவில்லை.

ரெஃப்ரி ஒரு வெள்ளைக்காரர். அவருக்கும் சந்தேகம்தான். ஓடி என்னிடம் வந்து மலாயில் கேட்டார்: “ஆஃப்சைடு கா?”

எங்கள் கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கராசு இரண்டு கையையும் தலையில் வைத்தபடி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்து அந்தத் துரையிடம் என்ன சொல்வேன்? ‘துவான், இது கொடி இல்லை, சந்தோஷம்’ என்றா? எதிரணிக்காரன் கோல் போட்டதற்கு எங்கள் கொடிக்காரன் சந்தோஷப்பட்டான் என்று தெரிந்தால் லயத்தில் என்னை விடுவார்களா? காலம் முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களே!

இவ்வளவுதான் என் காரணம். இதற்கு மேல் ஒன்றும் இல்லை. பயம்கூட இல்லை... கூச்சம்!

“யா, துவான்” என்றேன்.

எங்கள் ஆட்கள் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் பறந்தன. கிள்ளான்காரர்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். சவரிதான் அவர்களை நிறுத்தினான். அவன் கோலுக்குள் போய்ப் பந்தை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். வாயிலிருந்து சிலுவையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. கணக்கு எங்கே தவறியது என்று யோசிக்கிற முகம். பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டு, பந்தை எங்கள் ஆள் கையில் கொடுத்தான்.

பாதி நேரத்துக்குப் பிறகு அவன் பழைய சவரியாக இல்லை. ஓடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் என் கொடியை ஒரு பார்வை பார்த்தான். பார்க்காமலே தெரிந்துகொள்கிறவன் அவன். பார்க்கத் தொடங்கியதும் பந்து அவனை விட்டுப் போய்விட்டது. கடைசியில் எங்கள் ஆள் ஒருவன் முழங்காலில் பட்டு எப்படியோ ஒரு கோல் விழுந்தது. நாங்கள் ஜெயித்தோம்.

துரை அதற்கு முன்பே காரில் ஏறிப் போய்விட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றினார்கள். “கண்ணா அது? கழுகுக் கண்ணு!” என்றான் தங்கராசு. பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் காமாட்சி கேட்டாள்: “ஊரே மெச்சுது. உங்க மூஞ்சி மட்டும் ஏன் எழவு வீட்டு மூஞ்சியா இருக்கு?”

“வெயிலு” என்றேன்.

அதற்குப் பிறகு கெட்ட காலம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது. கப்பல்கள் குறைந்தன. துறைமுகத்தில் தினக்கூலிகளை முதலில் நிறுத்தினார்கள். வேலையில்லாதவர்களைச் சர்க்கார் செலவில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என்னைப் போல் மாதச் சம்பளத்தில் இருந்தவர்கள் பிழைத்துக்கிடந்தோம். ஒரு பியூன் வேலை அப்போது உயிர் மாதிரி... அதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

ஒரு நாள் காலையில் நான் கேட்டை மூடிவிட்டு வண்டிக்காகக் காத்திருந்தேன். மறிக்கப்பட்ட ஆட்களுக்கு நடுவிலிருந்து ஒருவன் கேட்டோரம் வந்து நின்றான். இளைத்திருந்தான். கழுத்தில் அந்தக் கறுப்புக் கயிறு.

“அண்ணே, அடையாளம் தெரியுதா?”

“தெரியாம என்ன தம்பி... எங்க இந்தப் பக்கம்?”

“வேலைக்குத்தான். எல்லா ஆபீஸ் படியும் ஏறி எறங்கிட்டேன். அன்னிக்கு வந்தாரே ஒரு துரை, அவரு ஆபீசுக்கும் போனேன். வாசல்லயே வெரட்டிட்டாங்க. வர்ற கப்பலுக்குப் பேரு குடுத்துட்டேண்ணே.”

“ஊர்ல யாரு இருக்கா?”

“யாரு இருக்கா? நான் பொறந்ததே கிள்ளான்ல. எங்கப்பாவோட ஊர்ப் பேரு மட்டும் தெரியும். நாகப்பட்டினத்துல எறங்கி, அந்தப் பேரச் சொல்லி வழி கேட்டுக்கிட்டே போவணும்.” சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“உங்கள ஒண்ணு கேக்கணும்ணே. அதுக்குத்தான் இப்படிச் சுத்திக்கிட்டு வந்தேன். அன்னிக்கு... நான் முன்னால போயிட்டேனா?”

நான் வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தைப் பார்த்தேன்.

“என் கணக்குல உங்காளு எனக்கு முன்னாலதான் நின்னாரு. கண்ண மூடினா அதான் ஓடுது. நீங்க திருட்டுக் கொடி காட்டிட்டீங்கன்னு எங்காளுங்க சொல்றாங்க. நான் ஒத்துக்கவே இல்லண்ணே. என் ஆட்டத்தப் பாக்க, துண்டு போட்டுக்கிட்டு எங்க ஊருக்கே வந்தவரு... அவரு எனக்கு ஏன் பொய்க்கொடி காட்டப்போறாருன்னு சண்ட போட்டேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நம்பிடுறேன்.”

அப்போது வண்டி வந்துவிட்டது. சரக்கு வண்டி... நீளமான வண்டி. நான் பச்சைக் கொடியை நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் கேட்டுக்கு வெளியே, நான் கேட்டுக்கு உள்ளே. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. யோசிக்க எனக்குக் கடவுள் கொடுத்த நேரம் அது!

என்ன யோசித்தேன் தெரியுமா? காத்திருந்த கூட்டத்தில் எங்கள் லயத்து ஆட்கள் இரண்டு பேர் நிற்கிறார்களே என்று யோசித்தேன். அவர்கள் காதில் விழுமே என்று யோசித்தேன். பிறகு, போகிறவனுக்கு உண்மை தெரிந்து என்ன ஆகப்போகிறது, வேதனைதானே மிச்சம் என்று யோசித்தேன். பாருங்கள், எவ்வளவு நல்ல மனது எனக்கு! அவன் வேதனைப்படக் கூடாதாம்!

கடைசிப் பெட்டியும் போய்விட்டது. சத்தம் அடங்கியது. அவன் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமா தம்பி” என்றேன். “ஒரு அடி முன்னால இருந்தே.”

ஒரு அடி! கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். பொய்க்குக் கைகால் வைத்துக் கொடுத்தேன்.

அவன் கீழே பார்த்தான். மண்ணில் அந்த ஓர் அடியை அளக்கிறவன் போல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அப்ப என் தப்புதான்... என் கண்ணு ஒரு நாளும் ஏமாந்ததில்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பரவால்லண்ணே. எங்காளுங்ககிட்ட சொல்லிடுறேன், உங்க மேல தப்பு இல்லன்னு.”

கேட்டைத் திறக்க நான் தடுமாறினேன். அவன் வெளியிலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்துவிட்டான். அது ஓரமாகப் போய்ச் சேரும்வரை பிடித்துக் கொண்டுபோய், கொக்கியையும் மாட்டினான். கனமான சாமானைப் பாதியில் விட அவனுக்குத் தெரியாது. பிறகு ஸ்டேஷன் பக்கமாக நடந்துபோனான்.

கூப்பிட்டிருக்கலாம். தம்பி, நில் என்று ஒரு வார்த்தை... நான் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

சொன்னபடியே அவன் தன் ஆட்களிடம் சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினான். அடுத்த மாசியில் ஆட்டத்துக்கு வந்த அந்தோணி நேரே என்னிடம் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் கையில் வைத்தார்.

“சவரி எல்லாம் சொன்னான்ணே. நாங்கதான் ஒங்களத் தப்பாப் பேசிட்டோம். மனசுல வெச்சுக்காதீங்க.”

எல்லார் முன்னாலும் சொன்னார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! தங்கராசு மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். நான் பழத்தை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனேன். காமாட்சி சாப்பிட்டாள். என்னால் தொட முடியவில்லை.

அவனைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று அந்தோணியிடம் கேட்க எனக்கு இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. அவருக்கும் தெரியவில்லை. “எறங்கினான்னு கேள்வி. அப்புறம் ஒரு சேதியும் இல்ல” என்றார். அந்த அப்பாவின் ஊர்ப் பெயரை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது எழுதுவதற்கும் அவனுக்கு ஒரு முகவரி இல்லை.

எனக்குத் தெரிந்தவரை உலகத்திலேயே சரியாகப் பார்க்கிற கண் சவரியுடையது. அந்தக் கண்ணை அவனே நம்பாமல் போகும்படி செய்தவன் நான். வேலையைக் கெடுத்ததைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். காலம் கெட்டது, கப்பல் குறைந்தது என்று ஆயிரம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வேன்? முன்பின் தெரியாத ஏதோ ஓர் ஊரில், இல்லாத ஓர் அடியை நினைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பானா? மறந்திருப்பானா? மறந்திருந்தால் எனக்கு நல்லதா?

கொடி பிடிப்பதை விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எப்படி விடுவது? கண் சரியில்லை என்று சொன்னால் அது ஸ்டேஷன்வரை போகும். கேட் வேலை போய்விடும். வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் வருஷா வருஷம் நான்தான் பிடிக்கிறேன். கொடியை இரண்டு கையாலும் தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வேன். எவ்வளவு நல்ல கோல் விழுந்தாலும் மரம் மாதிரி நிற்பேன். “பாத்தியா, எந்தப் பக்கமும் சாய மாட்டாரு” என்கிறார்கள் இரண்டு ஊர்க்காரர்களும். பச்சைக் கொடியை ரயிலுக்கு நீட்டும்போதுகூட, என்ஜினில் இருப்பவர் என்னை நம்பிப் போகிறாரே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நாளைக்கு மறுபடியும் கிள்ளான் ஆட்டம். எங்கள் பாடாங்கில்தான். அந்தோணிக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் வருவார். தங்கராசுவும் இருப்பான். அன்றைக்கு இருந்த எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், அவன் ஒருவனைத் தவிர. எழுந்து நின்று சொல்லிவிடலாமா என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் இதே போல் முதல் நாள் நினைத்திருக்கிறேன். நினைத்ததும் காது சூடாகிவிடும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வருஷம் எழுதியாவது வைக்கிறேன். இந்தக் காகிதத்தை அங்கே எடுத்துக்கொண்டு போவேனா என்று எனக்கே தெரியாது.

காமாட்சி கொடியைத் துவைத்து வாசல் கயிற்றில் காயப்போட்டிருக்கிறாள். நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அது தெரிகிறது. காற்று இல்லை. அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஈசுவர வருஷம், மாசி மாதம், சனிக்கிழமை. கிள்ளான் ஆட்டத்துக்கு முதல் நாள்.